மலை வீட்டு அடுப்பில் மார்கழிப் பலகாரங்கள்: ஊர் அளவுகளை எப்படி மாற்றுகிறீர்கள்?

குன்னூர்_பனிமலர் | டிசம்பர் 1, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள். திருமணத்திற்குப் பின் குன்னூருக்கு வந்து, இங்கே கொண்டாடப்போகும் ஏழாவது கிறிஸ்துமஸ் இது. அம்மா தம் கையால் எழுதிக் கொடுத்த குறிப்பேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஆண்டும் பழக் கேக், கலகலா, அச்சு முறுக்கு, அதிரசம் ஆகிய நான்கையும் செய்கிறேன். ஊரில் அம்மாவுக்கு ஒருமுறையும் தவறாத அந்த அளவுகள் இங்கே எனக்கு ஒருமுறையும் சரியாக அமைந்ததில்லை.

கேக் முதல் அரை மணி நேரம் அழகாக எழும்புகிறது. பிறகு நடுவில் குழிந்துவிடுகிறது. கலகலா வெளியே சிவந்துவிட்டாலும் உள்ளே பச்சை மாவின் வாடை போவதில்லை. அதிரசம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. பாகு தவறிவிடக் கூடாது என்று சென்ற ஆண்டு ஒரு வெப்பமானி வாங்கி, ஊரில் இருக்கும் அக்கா சொன்னபடி 114 டிகிரி வரும் வரை வெல்லப் பாகைக் காய்ச்சினேன். மாவைச் சேர்த்த சிறிது நேரத்தில் அது உடைக்க முடியாத அளவுக்கு இறுகிப்போயிற்று. இரண்டு கிலோ அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்த உழைப்பு முழுவதும் வீணானது.

என் கைப்பக்குவத்தில்தான் குறை என்று இதுநாள் வரை எண்ணியிருந்தேன். நாகர்கோவிலில் இருந்து வந்து அடுத்த வீட்டில் வசிக்கும் அம்மையாரும் இதே குறைகளைச் சொன்ன பிறகுதான், இது மலையோடு தொடர்புடையதாக இருக்குமோ என்று தோன்றியது. நீலகிரியிலும் பழனி மலையிலும் சமைப்பவர்கள், உங்கள் வீட்டுப் பழைய அளவுகளில் எதை, எவ்வளவு மாற்றினீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுமாறு வேண்டுகிறேன். அம்மாவின் கேக் அளவு இது: மைதா 250 கிராம், வெண்ணெய் 250 கிராம், சீனி 250 கிராம், முட்டை 5, ஊறிய பழங்கள் அரை கிலோ, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி. அடுப்பின் சூடு 150 டிகிரி.

உதகை_ஓய்வாசிரியர் | டிசம்பர் 1, இரவு 10.25

சகோதரிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கையில் குறை ஏதும் இல்லை. ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்திற்கும் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறைகிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 94 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் அது இன்னும் ஒன்றரை டிகிரி குறைவு. பருப்பு வேகாமல் நாம் குக்கரை நாடுவதற்கு எது காரணமோ, அதுவேதான் உங்கள் மூன்று தோல்விகளுக்கும் காரணம்.

முதலில் பாகைப் பார்ப்போம். பாகின் வெப்பநிலை என்பது அதில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சியிருக்கிறது என்பதைக் காட்டும் ஓர் அடையாளம் மட்டுமே. கடல் மட்டத்தில் 112 முதல் 116 டிகிரிக்குள் வரும் உருட்டுப் பதம், குன்னூரில் ஆறு டிகிரி முன்னதாகவே, அதாவது 106 முதல் 110 டிகிரிக்குள் வந்துவிடும். நீங்கள் 114 வரை காய்ச்சியபோது அதிரசத்திற்குரிய பதத்தைத் தாண்டி அடுத்த பதத்திற்கே சென்றுவிட்டீர்கள். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்க்கும் நம் பாட்டிமாரின் முறை, உயரம் எதுவானாலும் பிழைபடாது; ஏனெனில் அது பாகின் தன்மையையே நேரடியாகச் சோதிக்கிறது. வெப்பமானியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அளவு பாருங்கள். அது 100 டிகிரிக்கு எவ்வளவு குறைவாகக் காட்டுகிறதோ, அந்த எண்ணைக் குறிப்பில் உள்ள அளவிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

கேக்கில் நடப்பது வேறு. காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் மாவுக்குள் உண்டாகும் வாயு அளவுக்கு மீறி விரிகிறது. மாவு வெந்து உறுதிப்படுவதற்கு முன்பே குமிழ்கள் உடைந்துவிடுகின்றன. பேக்கிங் பவுடரை ஒரு தேக்கரண்டியாகக் குறையுங்கள். சர்க்கரையில் இரண்டு மேசைக்கரண்டியைக் குறைத்து, மைதாவில் ஒரு மேசைக்கரண்டியைக் கூட்டுங்கள். ஈரமும் இங்கே விரைவாக ஆவியாகிவிடும் என்பதால் இரண்டு மேசைக்கரண்டி ஆரஞ்சுச் சாறு சேர்த்துக்கொள்ளுங்கள். அடுப்பின் சூட்டைப் பத்து டிகிரி உயர்த்தலாம்.

ஊட்டி_அடுமனை | டிசம்பர் 2, காலை 6.15

ஐயா அவர்களின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் இருபத்திரண்டு ஆண்டுகளாக அடுமனையில் வேலை செய்பவன் என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. பேக்கிங் பவுடரைக் குறைத்தால் மட்டும் போதும் என்றால் அக்காவின் கேக் எப்போதோ சரியாகியிருக்கும். எங்கள் ஊரில் டிசம்பர் மாதக் கேக் கெடுவதற்கு உயரத்தைவிடக் குளிரே பெரிய காரணம் என்பது என் அனுபவம்.

விடியற்காலையில் சமையலறை பத்துப் பன்னிரண்டு டிகிரியில் இருக்கும்போது வெண்ணெய் செங்கல் போல இருக்கும். அதைச் சர்க்கரையோடு எவ்வளவு நேரம் அடித்தாலும் வெளுத்துப் பஞ்சுபோல் வராது. அந்த நிலையில் குளிர்ந்த முட்டையை ஊற்றினால் கலவை திரிந்துவிடும். திரிந்த கலவையில் காற்று நிற்காது; அந்தக் குறையை ஈடுகட்டத்தான் பலரும் பேக்கிங் பவுடரைக் கூட்டிப் போடுகிறார்கள், அதனால் குழி இன்னும் ஆழமாகிறது. முந்தைய இரவே வெண்ணெயை அடுப்புக்கு அருகில் எடுத்து வையுங்கள். முட்டைகளை ஓட்டோடு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வைத்து, ஒவ்வொன்றாக உடைத்துச் சேருங்கள். மூன்றாவது முட்டைக்குப் பிறகு ஒரு கரண்டி மாவைத் தூவிக்கொண்டால் கலவை திரியாது. பழங்களும் குளிர்ந்திருக்கக் கூடாது.

மேலும், முதல் ஒரு மணி நேரம் அடுப்பின் கதவைத் திறக்கவே கூடாது. எங்கள் அடுமனையில் வர்க்கி வேகும் விறகு அடுப்பு விடிய விடிய அனலைத் தாங்கி நிற்கும். வீட்டு மின் அடுப்போ, கதவைத் திறந்த உடனே குளிர்ந்துவிடும்.

கேக்கின் நிறத்திற்காகச் சர்க்கரையைக் கருக்குவீர்கள் அல்லவா? அதற்கு மட்டும் ஐயா சொன்ன கழித்தல் கணக்கைப் போட வேண்டாம். தண்ணீர் முழுவதும் வற்றிய பிறகு கருகுகிற சர்க்கரைக்கு மலையும் ஒன்றுதான், சமவெளியும் ஒன்றுதான்.

உதகை_ஓய்வாசிரியர் | டிசம்பர் 2, காலை 8.40

தம்பி சொல்வது முற்றிலும் சரி. கருக்கும் சர்க்கரையைப் பற்றிய திருத்தத்தை நன்றியுடன் ஏற்கிறேன். வெண்ணெயின் குளிர்ச்சியை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆயினும் பேக்கிங் பவுடரைக் குறைப்பதை விட்டுவிட வேண்டாம்; இரண்டையும் சேர்த்துச் செய்து பார்ப்பதே முறையாகும்.

கலகலாவுக்கும் இதே விதிதான். மாவில் உள்ள ஈரம் குறைந்த சூட்டிலேயே ஆவியாகி வெளியேறிவிடுவதால், உட்புறம் வேகும் முன்பே மேற்புறம் சிவந்துவிடுகிறது. எண்ணெயின் சூட்டை வழக்கத்தைவிடப் பத்து டிகிரி அளவுக்குக் குறைத்து, சற்றுக் கூடுதலான நேரம் பொரிக்க வேண்டும். கிள்ளிப் போட்ட மாவு உடனே மேலே வந்தால் சூடு அதிகம் என்று கொள்ளுங்கள். இரண்டு நொடி கீழே தங்கி மெதுவாக எழும்ப வேண்டும்.

பண்ணைக்காடு_தோட்டம் | டிசம்பர் 2, மாலை 7.30

பழனி மலையின் கீழ்ப்பகுதியில் இருந்து எழுதுகிறேன். காப்பிக்கு இடையே தாத்தா நட்ட கமலா ஆரஞ்சு மரங்களில் இப்போது நான்குதான் மிஞ்சியிருக்கின்றன. ஒரு காலத்தில் கூடை கூடையாக வத்தலக்குண்டுச் சந்தைக்கு இறங்கிய பழம் இது. நோய் தாக்கித் தோட்டங்கள் அழிந்தன. மிஞ்சிய மரங்களின் பழங்கள் பனிக்காலத்தில் பழுக்கும்போது எங்கள் வீட்டில் ஒரு தோலைக்கூட எறிய மாட்டோம். கேக்கில் போடுவதற்குக் கடையில் வாங்கும் பப்பாளித் துண்டுகளைவிட இந்தத் தோலின் மணம் பல மடங்கு உயர்ந்தது என்பதால் செய்முறையை விரிவாகவே எழுதுகிறேன்.

தோலின் உட்புறத்து வெள்ளை நாரைக் கரண்டியால் வழித்துவிட்டு, விரல் அகலத்திற்கு நறுக்க வேண்டும். தண்ணீரில் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டு, மறுபடியும் கொதிக்கவைக்க வேண்டும். இப்படி மூன்று முறை செய்தால் கசப்பு இறங்கிவிடும். இரண்டு முறையோடு நிறுத்துபவர்கள் உண்டு. கேக்கில் அந்தக் கசப்பு பத்து நாள் கழித்துத் தலைகாட்டும். பிறகு தோலின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை எடுத்து, பாதியளவு தண்ணீரில் கரைத்து, தோலைப் போட்டுச் சிறு தீயில் வைக்க வேண்டும். தோல் கண்ணாடிபோல் ஆகி, பாகு கம்பிப் பதத்திற்கு வரும்போது இறக்கித் தட்டில் பரப்பி உலர்த்துங்கள். சமவெளியில் ஒரு நாளில் உலர்வது இங்கே மூடுபனியில் மூன்று நாளானாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும். அதனால் நாங்கள் அடுப்பு மேடைக்கு மேலே உள்ள பலகையில் வைத்துவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் மது சேர்ப்பதில்லை. உலர்திராட்சை, பேரீச்சை, இந்தத் தோல் மூன்றையும் ஆரஞ்சுச் சாற்றில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் கேக் செய்துவிடுவோம். இரண்டு மாதம் ஊறவைப்பதெல்லாம் ரம் ஊற்றுபவர்களுக்கு மட்டுமே பொருந்தும். கொடைக்கானலில் இருக்கும் என் உறவினர் ஒருவர், வெளியே இருக்கும் குளிரே போதும் என்று எண்ணிச் சாற்றில் ஊறிய பழத்தை மூன்று வாரம் அலமாரியில் வைத்திருந்தார். இரவு எவ்வளவு குளிர்ந்தாலும் பகல் வெயிலில் அறை சூடாகிவிடுகிறது அல்லவா? பழம் முழுவதும் நுரைத்துப் பூஞ்சை பிடித்துவிட்டது. அப்படி ஆன பழத்தை மேலே வழித்துவிட்டுப் பயன்படுத்துவதும் கூடாது. முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

கோத்தகிரி_தேயிலை | டிசம்பர் 3, இரவு 8.05

இந்த இழையைப் படித்ததும் எங்கள் ஆச்சியின் நினைவு வந்தது. இலங்கையில் நுவரெலியா தோட்டத்தில் பிறந்தவர் அவர். 1964 ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். ஆச்சி கொண்டுவந்த பெட்டியில் பாத்திரங்களைவிடக் குறைவான இடத்தைப் பிடித்தது லவ் கேக் செய்முறை. அது அவருடைய மனத்தில் மட்டுமே இருந்தது.

மைதா சேராத கேக் அது. ரவை, முந்திரி, முட்டை மஞ்சள் கரு, வெண்ணெய், சர்க்கரை, தேன், பன்னீர், ஏலம், ஜாதிக்காய் ஆகியவற்றோடு, பாகில் ஊறிய நீற்றுப்பூசணித் துண்டுகளையும் சேர்ப்பார்கள். இங்கே வந்த புதிதில் பூசணி எளிதில் கிடைக்கவில்லை. வரிசை வீட்டின் பின்னால் கொடியில் காய்த்துத் தொங்கிய மேராக்காயை (சௌசௌ) ஆச்சி எடுத்துக்கொண்டார். தோல் சீவிச் சிறு துண்டுகளாக நறுக்கி, வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்துத் தெளிந்த நீரில் ஊறவைத்து, நன்றாகக் கழுவி, வேகவைத்துப் பாகில் போட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது மேராக்காய் லவ் கேக்தான். இப்போது சந்தையில் பூசணி தாராளமாகக் கிடைக்கிறது. இருந்தாலும் யாரும் மாற்ற முன்வருவதில்லை.

ஆசிரியர் ஐயா சொன்ன குழி விழும் சிக்கல் இந்தக் கேக்கில் மிகக் குறைவு. பேக்கிங் பவுடரே இல்லாமல், அடித்த முட்டையின் வலுவில் மட்டும் எழும்புவது அது. வெண்ணெயும் ரவையும் கலந்த பிறகு நான்கு மணி நேரமாவது ஊற வேண்டும் என்பது மட்டும் முக்கியம். ரவை ஊறாவிட்டால் இங்கே மணல்போல் நறநறக்கும்.

கீழ்க்கோத்தகிரி_ஹட்டி | டிசம்பர் 4, காலை 11.20

நான் படுகர் ஹட்டியில் (எங்கள் ஊர்களை அப்படித்தான் சொல்வோம்) பிறந்தவள். இந்த மாதத்தில் கிறிஸ்துமஸ் மட்டுமன்றி, எங்கள் ஹெத்தெ அம்மன் திருவிழாவான ஹெத்தெ ஹப்பவும் நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஹெத்தெ கோயில் உள்ள பேரகணிக்கு வெள்ளை உடுத்திச் செல்லும் கூட்டத்தில் எங்கள் குடும்பமும் இருக்கும். அந்த நாட்களில் உறவினர்களுக்கென்று வீட்டில் எண்ணெஹிட்டு செய்வோம். மைதாவில் சர்க்கரையைக் கரைத்துச் சேர்த்து, சிறிது ரவையும் கலந்து தளர்வாகப் பிசைந்து, இரவு முழுவதும் மூடி வைத்து, காலையில் தட்டிப் பொரிப்பது எங்கள் அம்மாவின் முறை.

உங்களுடைய சிக்கல் எங்களிடம் தலைகீழாக இருக்கிறது என்பதற்காகவே எழுதுகிறேன். சென்னையில் வசிக்கும் என் தங்கை அதே அளவில் மாவு பிசைந்து இரவு முழுவதும் வைத்தாள். காலையில் புளித்துப் பொங்கி வழிந்திருந்தது. "மூன்று மணி நேரம் போதும்" என்று அம்மா தொலைபேசியில் திருத்திச் சொன்ன பிறகுதான் அவளுக்குச் சரியாக வந்தது. ஆகவே குன்னூர் அக்கா, உங்கள் அம்மாவின் குறிப்பேட்டில் "ஒரு மணி நேரம் ஊறட்டும்", "இரவு முழுவதும் இருக்கட்டும்" என்று எங்கெல்லாம் எழுதியிருக்கிறதோ, அங்கெல்லாம் பாளையங்கோட்டையின் வெப்பமும் சேர்ந்து எழுதப்பட்டிருக்கிறது. அந்த நேரங்களையும் மாற்ற வேண்டியிருக்கும்.

கொடை_மூடுபனி | டிசம்பர் 4, இரவு 9.45

ஊறும் நேரத்தைப் பற்றிய பேச்சு வந்ததால், கிறிஸ்துமஸ் காலை ஆப்பத்திற்கான மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலில் உப்பு. அது புளிப்பை மெதுவாக்கும் என்பதால் சமவெளியில் இரவே போடுகிறார்கள். நாங்கள் காலையில்தான் போடுகிறோம். முந்தைய மாவில் ஒரு கரண்டியைக் கலந்து, பாத்திரத்தை வெந்நீர் நிரப்பிய பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி, கம்பளியால் சுற்றி வைப்போம். உறைபனி விழும் இரவுகளில் இதுவும் போதாது. அப்போது மின் அடுப்பின் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைத்துவிடுவோம். எப்படியும் பதினாறு மணி நேரம் தேவை. 24 ஆம் தேதி மதியமே அரைத்துவிடுங்கள்.

குன்னூர்_பனிமலர் | டிசம்பர் 19, இரவு 10.00

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. செய்து பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

கேக்கை இரண்டு முறை செய்தேன். முதல் முறை பேக்கிங் பவுடரை மட்டும் ஒரு தேக்கரண்டியாகக் குறைத்தேன். குழி பாதியாகக் குறைந்தது, ஆனால் கேக் சற்றுக் கனமாக இருந்தது. இரண்டாம் முறை அடுமனைத் தம்பி சொன்னபடி வெண்ணெயை இரவே வெளியே எடுத்து வைத்து, முட்டையை வெந்நீரில் போட்டு, சீனியை 225 கிராமாகக் குறைத்து, மைதாவை ஒரு மேசைக்கரண்டி கூட்டி, இரண்டு மேசைக்கரண்டி ஆரஞ்சுச் சாறும் சேர்த்தேன். 160 டிகிரியில் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் வெந்தது. ஏழு ஆண்டுகளில் முதன்முறையாக மேற்புறம் சமமாக வந்த கேக்கை மேசையில் வைத்துவிட்டு, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். "உன் அளவை எனக்கு எழுதி அனுப்பு" என்று கேட்டார். இங்கே செய்ததை அங்கே செய்யக் கூடாது என்று விளக்க அரை மணி நேரம் ஆயிற்று.

கலகலாவுக்கு எண்ணெயின் சூட்டைக் குறைத்தேன். உள்ளேயும் மொறுமொறுப்பாக இருக்கிறது. அடுத்து அதிரசம். என் வெப்பமானி கொதிக்கும் தண்ணீரில் 94 காட்டியது. அக்கா சொன்ன 114 இலிருந்து ஆறைக் கழித்து, 108 இல் பாகை இறக்கினேன். கிண்ணத்துத் தண்ணீரிலும் உருட்டிப் பார்த்தேன், இரண்டும் ஒத்துப்போயின. ஆனால் மறுநாள் காலையில் மாவு குளிரில் இறுகியிருந்தது. தட்டும்போது ஓரம் வெடிக்கிறது. இதற்கு என்ன செய்வது?

ஊட்டி_அடுமனை | டிசம்பர் 20, காலை 5.50

அக்கா, பாகு சரியாகத்தான் இருக்கிறது. வெல்லம் குளிரில் இறுகுவது இயல்பு. மாவுப் பாத்திரத்தை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கால் மணி நேரம் வைத்து, கையில் நெய் தொட்டு மறுபடியும் பிசையுங்கள். தண்ணீர் தெளித்துவிடாதீர்கள், எண்ணெயில் போட்டதும் பிரிந்துவிடும். முழு மாவையும் ஒரே நேரத்தில் சூடாக்காமல், பத்து அதிரசத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு தட்டி முடித்த பிறகு அடுத்ததை எடுங்கள்.

குன்னூர்_பனிமலர் | டிசம்பர் 20, மதியம் 1.30

தம்பி, வெடிப்பு நின்றுவிட்டது. நாற்பத்திரண்டு அதிரசம் வந்திருக்கிறது. கோத்தகிரி அக்கா, அடுத்ததாக உங்கள் மேராக்காயைத் தொடங்கியிருக்கிறேன். சுண்ணாம்பு நீரில் எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லையே?

கோத்தகிரி_தேயிலை | டிசம்பர் 20, மாலை 6.10

இரண்டு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சுண்ணாம்பு போதும். தெளிந்த நீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அடியில் தங்குவதைச் சேர்க்க வேண்டாம். மூன்று மணி நேரம் ஊறிய பிறகு குறைந்தது ஐந்து முறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பிஞ்சுக் காய் குழைந்துவிடும். முற்றிய காயாகப் பார்த்து எடுங்கள்.